வாசற்படிக்குத் தெரிவதும் எம்-புக்கில் இருப்பதும்

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே இருக்கும் சேக்காடு போன்ற பகுதியில் ஒரு தெருவுக்குப் புதிதாகத் தார்ச்சாலை போட்டால், ஒரு விஷயம் மட்டும் யாரையும் கேட்காமலே தெருவாசிகள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்களா, இல்லை அதன் தலைமேலேயே போட்டார்களா என்பதுதான் அது. சுரண்டாமல் போட்டால் வாசற்படியில் ஒன்று குறையும்; அடுத்த ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும். சென்னையின் மேற்குப் புறநகரில் முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகள் பலவும் ரோட்டைவிடத் தாழ்ந்து கிடப்பது இப்படித்தான். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். சுரண்டும் வேலைக்கு ‘மில்லிங்’ என்று பெயர். எஸ்டிமேட்டில் அது ஒரு தனி இனம். அதற்குச் சதுர மீட்டர் கணக்கில் பணம் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒரு தெருவின் பில்லில் மில்லிங் எத்தனை சதுர மீட்டர் என்று எழுதப்பட்டது, அதற்குப் பணம் போனதா என்பது அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நடந்தது தெருவுக்குத் தெரியும். நடந்ததாக எழுதப்பட்டது அலுவலகத்துக்குத் தெரியும். இவை இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால்தான் ஊழல் என்று ஒன்று கண்ணில் படும். இரண்டையும் சேர்த்து அறிந்த அந்த ஆள் அலுவலகத்துக்குள்தான் இருக்கிறார். அவர் வாய் திறந்தால்தான் உண்மை வெளிவரும் என்ற நிலையை நாம் இயல்பானதாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அவரைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்கிறோம், வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால், ஊருக்கே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை அவர் ஏன் தனியாளாகச் சுமக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு சாலைப் பணிக்கான காகிதம் எப்படி நகர்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். எஸ்டிமேட் போடுகிறார்கள், டெண்டர் விடுகிறார்கள், ஒர்க் ஆர்டர் கொடுக்கிறார்கள். வேலை நடந்ததும் உதவிப் பொறியாளர் அளவெடுத்து ‘எம்-புக்’ எனப்படும் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் பதிகிறார். மேலே இருப்பவர் அதில் ஒரு பகுதியை மறுபடி அளந்து ஒப்புக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தை வைத்துத்தான் பில் தயாராகிறது. கணக்குப் பிரிவு பார்த்து அனுப்ப, ஒப்பந்ததாரர் கணக்கில் பணம் ஏறுகிறது. பின்னால் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை வந்து பார்க்கும், பெரும்பாலும் காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டு. ஆக, எம்-புக்கில் ஐந்து சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பது மண்ணில் மூன்றுதான் என்பதை அறிந்தவர்கள், ஒப்பந்ததாரரையும் அவருடைய மேஸ்திரியையும் விட்டால், நான்கைந்து பேர். இவர்களில் ஒருவர் மொட்டைக் கடிதம் போட்டால்கூட எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க உளவுத்துறை தேவையில்லை. கடிதத்தில் இருக்கும் விவரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘இது அந்த ஓவர்சியருக்கும் கிளார்க்குக்கும் மட்டும்தானே தெரியும்’ என்ற ஒரு வாக்கியம் போதும். பெயரை மறைப்பதால் மட்டும் ஒருவரைப் பாதுகாக்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். ஒரு ரகசியத்தை அறிந்தவர்கள் எவ்வளவு குறைவோ, அதைச் சொல்பவருக்கு ஆபத்து அவ்வளவு கூடுதல்.

இந்தியாவில் இந்த விவாதம் தொடங்கியதே ஒரு பெயர் வெளியானதிலிருந்துதான். தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பீகார்ப் பகுதியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டும் இருந்தார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியின்போது நடந்த கொலை என்றே சி.பி.ஐ. வழக்கு நடத்தித் தண்டனை பெற்றுத் தந்தது. அதை நம்பாதவர்கள் இன்றும் உண்டு. ஆனால் பெயர் கசிந்ததில் யாருக்கும் ஐயமில்லை. தமிழ்நாட்டுக்கு வந்தால், 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் பட்டப்பகலில் தன் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணியில் மணல் அள்ளுவதைப் பற்றிப் போலீசில் அவர் புகார் கொடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நம் நீதிமன்ற வேகத்துக்கு அது அபூர்வம். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே கல்குவாரி முறைகேடுகள் பற்றித் தொடர்ந்து மனு கொடுத்துவந்த முன்னாள் கவுன்சிலர் ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அவர் கொடுத்த மனுவின் விவரம் குவாரிக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தமிழ்நாட்டின் இந்த இருவரும் சொன்னது பரம ரகசியம் அல்ல. ஆற்றில் லாரி இறங்குவதும், மலை கரைவதும் ஊர் பார்த்துக்கொண்டிருந்த காட்சிகள். எந்த அளவுக்கு உரிமம், எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு கட்டணம் கட்டினார்கள் என்ற கணக்குதான் ஊர் கண்ணில் படாமல் இருந்தது. அந்தக் கணக்கு திறந்து கிடந்திருந்தால் ஒரு தனி மனிதரின் மனு அவ்வளவு விலை பெற்றிருக்காது.

பதவி உயரமானால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கலாம். இந்திய ஆட்சிப்பணி அதிகாரிகள் இருவரின் கதை வேறு மாதிரி சொல்கிறது. 1990-களின் நடுவில் மதுரையில் கூடுதல் ஆட்சியராக இருந்த சி. உமாசங்கர், கிராமச் சுடுகாடுகளுக்குக் கூரை போடும் திட்டத்தில் நடந்த முறைகேட்டை உயர் நீதிமன்றத்தின் முன் வைத்தார். விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. முன்னாள் அமைச்சர் டி.எம். செல்வகணபதிக்கு 2014 ஏப்ரலில் இரண்டாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுக்கு 23 லட்சம் ரூபாய் இழப்பு என்று சொல்லப்பட்ட ஒரு வழக்கு முடிய ஏறத்தாழ கால் நூற்றாண்டு. இடையில் 2010-இல் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி உமாசங்கர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்பு கிளம்பிய பின் சில வாரங்களில் அது ரத்தானது. 2012 மே மாதம் மதுரை ஆட்சியர் உ. சகாயம், கிரானைட் குவாரிகளில் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதே மாதம் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். அறிக்கையின் உள்ளடக்கம் ஆகஸ்டில் பத்திரிகைகளில் வெளிவந்த பிறகுதான் குவாரிகளில் சோதனைகள் சூடு பிடித்தன. 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அறிக்கை கோப்புக்குள் இருந்தவரை நகர்ந்தவர் ஆட்சியர். காகிதம் வெளியே வந்ததும்தான் அரசு நகர்ந்தது. தகவல் ஒரே கையில் இருக்கும்போது அந்தக் கையைத் தட்டிவிடுவது எளிது. பலர் கையில் இருந்தால் தட்ட முடியாது.

சட்டம் என்ன செய்கிறது? துபே கொலைக்குப் பின் உச்ச நீதிமன்றத்தின் நெருக்குதலால் 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. அதன்படி மத்தியக் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் புகார் அனுப்பலாம். பெயரும் முகவரியும் உள்ளே இருக்கும், உறையின் மேல் இருக்காது. ஆணையம் பெயரை மறைத்துவிட்டே விசாரிக்கச் சொல்லும். குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் அது மத்திய அரசு, அதன் நிறுவனங்கள், அதன் கட்டுப்பாட்டில் இருக்கும் அமைப்புகளின் ஊழியர்களைப் பற்றிய புகார்களுக்கு மட்டும்தான். ஆவடியில் இதன் விசித்திரம் பளிச்சென்று தெரியும். கனரக வாகனத் தொழிற்சாலை இப்போது மத்திய அரசு நிறுவனமான கவச வாகன நிகாம் நிறுவனத்தின் கீழ் வருகிறது. சேக்காட்டில் ஒரே வீட்டில் ஒருவர் அந்தத் தொழிற்சாலையிலும் இன்னொருவர் ஆவடி மாநகராட்சியிலும் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் தன் அலுவலக முறைகேட்டை டில்லிக்கு மூடிய உறையில் எழுதலாம். இரண்டாமவருக்கு அந்த உறை இல்லை. அவருக்கு இருப்பது 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளின் பாணியில் அமைந்த, அனுமதியில்லாமல் அலுவலகத் தகவலை வெளியே சொல்லாதே என்ற கட்டளையும், சொன்னால் வரும் மெமோவும்தான். மாநில ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ளும் ஊழல் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வெளியாகவே இல்லை. 2015-இல் அதை மேலும் சுருக்கும் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேங்கி, 2019-இல் மக்களவையின் காலத்தோடு காலாவதியானது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பத்தாண்டுக்கும் மேல் அலமாரியில் வைத்திருப்பதற்கு எந்த அரசும் நாணயமான காரணம் சொன்னதில்லை.

அந்தச் சட்டம் நாளையே நடைமுறைக்கு வந்தாலும் அது தரும் பாதுகாப்பு சம்பவத்துக்குப் பிந்தையது. பழிவாங்கப்பட்டவர் முறையிட வேண்டும். பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. நல்ல விதிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறையின் முதுகெலும்பும் அதுதான். ஆனால் பெயர் சொல்லாத புகாரை இந்திய சட்டம் ஏற்காது. ஏழாண்டு கடந்த விவகாரத்தை எடுத்துக்கொள்ளாது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் இரண்டாண்டு வரை சிறை உண்டு. இதற்கு மேல், 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, ஓர் அதிகாரி தன் பணியில் எடுத்த முடிவு தொடர்பாக விசாரிக்கவே அரசின் முன் அனுமதி கேட்கச் சொல்கிறது. அனுமதி கேட்கும் கோப்பு எந்தத் துறையின் மீது புகாரோ அந்தத் துறையின் வழியாகவே போய்வரும்போது புகாரில் இருக்கும் விவரம் எத்தனை பேர் கண்ணில் படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி வெளிப்படைத்தன்மையின் பக்கம் வருவோம். இதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல, முந்திக்கொண்ட மாநிலம். 1997-இலேயே தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது, இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகளோடு. 1998-இல் டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. நாட்டிலேயே அந்த வகையில் முன்னோடி. டெண்டர் விவரங்களை மாநில, மாவட்ட டெண்டர் இதழ்களில் வெளியிட வேண்டும் என்றது அது. 2005-இல் மத்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. இவ்வளவும் செய்த மாநிலம் 2008 ஆகஸ்டில் ஓர் அரசாணை போட்டு, லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தைத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிவைத்தது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்காக உருவான பிரிவின் கீழ் இந்த விலக்கு. அதே பிரிவு, ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு விலக்கு பொருந்தாது என்றும் சொல்கிறது. ஊழலைத் தவிர வேறு எதையும் விசாரிக்காத அமைப்புக்கு அந்தப் பிரிவில் விலக்கு கொடுத்திருப்பதை நீதிமன்றம் செல்லும் என்று சொல்லலாம். படிப்பவருக்குச் சிரிப்பு வராமல் இருக்காது. விளைவு சிரிப்புக்குரியதல்ல. புகார் கொடுத்தவருக்குத் தன் புகார் ஆரம்பகட்ட விசாரணையில் என்ன ஆனது, எந்தக் காரணத்துக்காகக் கைவிடப்பட்டது என்று தெரிந்துகொள்ளும் வழி குறுகிப்போகிறது.

டெண்டர் அறிவிப்பை வெளியிடுவது முன்வாசலைத் திறந்து வைப்பது போல. ஊழலில் பெரும்பகுதி நடக்கும் இடம் அதற்குப் பிறகு, வேலையை அளந்து பில் போடும் கட்டத்தில். அங்கே கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது. கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சொல்லப்போனால் 2005 சட்டத்தின் 2(ஜே) பிரிவு பலருக்கும் தெரியாத ஒரு உரிமையைத் தருகிறது. நகல் மட்டுமல்ல, வேலையையே நேரில் பார்வையிடலாம். பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் பெறலாம். தெருவில் போட்ட சாலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தரச் சொல்லும் உரிமை அது. ஆனால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பம் போடுகிறவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். ‘ஆர்.டி.ஐ. போட்டவர் யார்’ என்று ஒப்பந்ததாரர் தெரிந்துகொண்டு வாசலில் வந்து நிற்க ஒரு நாள் போதும். அலுவலகத்துக்குள் இருப்பவரின் ஆபத்து அப்படியே வெளியே இருப்பவரின் தலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இதைச் சட்டத்தை எழுதியவர்கள் அறியாமல் இல்லை. செலவிட்ட தொகைகளின் விவரம் உட்படப் பலவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது நான்காவது பிரிவு. மக்கள் இந்தச் சட்டத்தையே பயன்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு அலுவலகங்கள் தாமாகத் தகவல் தர முயல வேண்டும் என்பது அதன் உட்பிரிவு. விண்ணப்பம் என்பது கடைசி வழி; நாம் அதையே முதல் வழியாக்கி, விண்ணப்பதாரர்களின் துணிச்சலில் சட்டத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

காகிதம் திறந்தால் ஆள் பேச வேண்டிய தேவை குறையும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னை, கோவை மாநகராட்சிகளின் டெண்டர்கள் பற்றி அறப்போர் இயக்கம் 2018-இல் கொடுத்த புகார்கள் டெண்டர் ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து எழுந்தவை. போட்டி போடுவதாகச் சொல்லிக்கொண்ட நிறுவனங்கள் ஒரே கணினி முகவரியிலிருந்து ஒப்பந்தப்புள்ளி போட்டன என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. பின்னாளில் மின்வாரியத்துக்கு மின்மாற்றி வாங்கியது பற்றி அதே இயக்கம் 2023-இல் கிளப்பிய புகாரில், போட்டியாளர்கள் எல்லோரும் ரூபாய் மாறாமல் ஒரே விலை குறித்திருந்தார்கள் என்றது. இவற்றை யாரோ உள்ளிருந்து காதில் ஓத வேண்டியிருக்கவில்லை. காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை வேண்டியிருந்தது. குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. மாநகராட்சி டெண்டர் புகாரில் 2021-இல் வழக்குப் பதிவானது. முன்னாள் அமைச்சர் எஸ்.பி. வேலுமணியைப் பொறுத்தவரை அந்த முதல் தகவல் அறிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் ரத்து செய்தது. நான் சுட்டுவது வேறு. புகார் கொடுத்தவர்கள் மீது அவதூறு வழக்கு வரலாம், மிரட்டல் வரலாம். ஆனால் அவர்களை இடமாற்றம் செய்து காகிதத்தைப் பூட்டிவைக்க முடியாது.

உலக அனுபவம் இந்த நம்பிக்கைக்குத் துணையும் நிற்கிறது, தடையும் போடுகிறது. உகாண்டாவில் 1990-களின் முற்பாதியில் பள்ளிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ரைனிக்கா, ஸ்வென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டார்கள். மாவட்டவாரியாக எவ்வளவு அனுப்பப்பட்டது என்று அரசு செய்தித்தாள்களில் வெளியிடத் தொடங்கிய பின், 2000-களின் தொடக்கத்தில் அது 80 விழுக்காட்டைத் தாண்டியது. வேறு சீர்திருத்தங்களும் கூடவே நடந்தன, முழுப் பெருமையும் செய்தித்தாளுக்கு உரியதல்ல என்று பின்னர் வந்தவர்கள் வாதிட்டார்கள், அது நியாயமே. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, இந்தோனேசியாவில் பெஞ்சமின் ஓல்கன் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு. அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமச் சாலைப் பணிகள். பொறியாளர்கள் சாலையில் குழி வெட்டி மாதிரி எடுத்து, உண்மையில் எவ்வளவு ஜல்லியும் மணலும் போனது என்று கணக்கிட்டு, பில்லோடு ஒப்பிட்டார்கள். சில கிராமங்களில் அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலவற்றில் கணக்குக் கேட்கும் ஊர்க்கூட்டத்துக்கு மக்களை அதிகமாக வரவழைத்தார்கள். தணிக்கை நிச்சயம் என்ற இடத்தில் காணாமல் போகும் பணம் எட்டு விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு ஆள் சேர்த்த இடத்தில் சராசரி விளைவு சொற்பம். கூலியில் நடந்த திருட்டு குறைந்தது. பொருளில் நடந்த திருட்டு குறையவில்லை. தன் கூலி குறைந்தால் கூலியாளுக்குத் தெரியும். ஜல்லியின் கனம் குறைந்தால் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் அது யாருடைய தனிச் சொத்தும் அல்ல.

‘வெளியே போட்டால் மக்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எளிய நம்பிக்கைக்கு இது சரியான அடி. என் வாதத்தை இது கவிழ்க்கவில்லை; எல்லை வகுத்துத் தருகிறது. ஓல்கனின் கூட்டங்களில் கணக்குச் சொன்னவர்கள் வேலையைச் செய்தவர்களே. அளவுப் பக்கமும் வெட்டி எடுத்த மாதிரியும் கூட்டத்தின் கையில் இல்லை. தணிக்கை நடந்த கிராமங்களில் அதன் முடிவை ஊர்க்கூட்டத்திலேயே படிக்க ஏற்பாடு இருந்தது. அப்படியானால் வேண்டியது மூன்றும் சேர்ந்தது: பில்லோடு எம்-புக் பக்கம் தானாக வெளிவருவது, மாதிரி எடுத்துப் பார்க்கும் தணிக்கை எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் சீட்டுப் போட்டு வருவது, அதன் முடிவு அந்தத் தெருவிலேயே சொல்லப்படுவது. இதில் மில்லிங், வடிகாலின் நீளம், தெருவிளக்கின் எண்ணிக்கை போன்றவற்றை மக்களே பார்த்துவிடுவார்கள். கனத்தையும் கலவையையும் தணிக்கை பார்க்க வேண்டும்.

இதற்கு அலுவலகங்களில் சொல்லப்படும் முதல் ஆட்சேபம், ஆர்.டி.ஐ. போட்டு மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், எல்லாவற்றையும் வெளியிட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம் என்பது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் விற்கும் சரக்கு என்ன? தனக்கு மட்டும் கிடைத்த நகல். எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கும் பக்கத்தைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. மறைவு நீங்கினால் அந்தத் தொழிலே படுத்துவிடும். இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ஒவ்வொரு கையெழுத்தும் ஊர் பார்வைக்கு வந்தால் நேர்மையான பொறியாளரும் முடிவெடுக்கப் பயப்படுவார், மழைக்காலத்தில் அவசர வேலைகூட நகராது என்கிறார்கள். கொள்கை முடிவுகளிலும் கோப்புக் குறிப்புகளிலும் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. எம்-புக்கில் இல்லை. அளப்பது கருத்துச் சொல்வதல்ல. அது உள்ளதை எழுதுவது. உள்ளதை எழுதிய பொறியாளருக்கு ஊர் பார்வைதான் பாதுகாப்பு. ‘கொஞ்சம் கூட்டி எழுதுங்க சார்’ என்று வரும் கவுன்சிலரிடமோ மேலதிகாரியிடமோ, ‘நாளைக்கே இது போர்டில் ஏறிடும்’ என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. முடியாது என்று சொல்லும் தைரியம் எல்லோருக்கும் வராது. முடியாததற்கு வெளியிலிருந்து ஒரு காரணம் கிடைத்தால் சாதாரண மனிதரும் சொல்லிவிடுவார். மூன்றாவது, மொட்டைக் கடிதங்கள் பற்றியது. காழ்ப்பில் எழுதுகிறார்கள், பதவி உயர்வுக்கு முன்னால் எழுதுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ‘இன்ன தெருவில் இன்ன நீளத்துக்கு வடிகால் கட்டாமலே பில் போட்டார்கள்’ என்ற கடிதத்தை யார் எழுதினால் என்ன? டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தால் அரை மணியில் தெரிந்துவிடும். சரிபார்க்க முடிகிற புகாரில் எழுதியவரின் நோக்கத்தைத் தேடுவது, பெரும்பாலும் அளக்காமல் இருப்பதற்கான சாக்கு.

காகிதத்தால் பிடிபடாத ஊழல் ஒன்றும் உண்டு, அதை மறைத்துவிட்டு இந்த வாதத்தை முடிக்க முடியாது. எஸ்டிமேட்டையே ஊதிப் போட்டுவிட்டால் அளவு சரியாக இருக்கும், வேலையும் நடந்திருக்கும். கமிஷன் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எந்த ஒப்பந்ததாரர் வர வேண்டும் என்று முடிவுசெய்து அதற்கேற்பத் தகுதி நிபந்தனைகளை எழுதினாலும் அப்படித்தான். எத்தனை பர்சென்ட், யாருக்கு எவ்வளவு என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இங்கே உள்ளே இருப்பவர் பேசினால்தான் உண்டு. ஆகவே பாதுகாப்புச் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. திறந்த காகிதங்களால் தீர்க்கக்கூடியவற்றைத் தீர்த்துவிட்டால், உள்ளிருந்து பேசுவோரை நம்பியிருக்க வேண்டிய விவகாரங்கள் சுருங்கும். சுருங்கினால் ஒவ்வொருவரையும் உருப்படியாகப் பாதுகாக்க முடியும். தென்கொரியாவில் 2018 முதல் வழக்கறிஞர் ஒருவர் வழியாக, அவர் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். புகார்தாரரின் அடையாளம் முத்திரையிட்ட உறையில் இருக்கும். இலங்கையின் 2016-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம், வெளியிடத்தக்க தகவலை வெளியிட்டதற்காக ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. தகவல் உரிமையையும் தகவல் சொல்பவரின் பாதுகாப்பையும் ஒரே சட்டத்தில் கட்டிய அந்த யோசனை நமக்குத் தோன்றாமல் போனது ஆச்சரியம்.

ஆவடி 2019-இல் மாநகராட்சியானது, 48 வார்டுகள். நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, ஏரியா சபை விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் சபைகள் கூடின. கிராமசபை பார்க்காத நகரவாசிக்கு இது புதிது. வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர் என்பதால், ஓல்கன் பார்த்த கூட்டங்களின் கதி இதற்கும் நேரலாம்: குப்பை எடுக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்ற மனுக்களோடு கலைந்துவிடும். முடிந்த வேலைகளின் எம்-புக் பக்கத்தையும் பில்லையும் சபை கூடுவதற்கு ஒரு வாரம் முன்பு வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று ஆணையர் ஓர் உத்தரவு போட்டால் அதன் குணம் மாறும். புதிய சட்டம் வேண்டாம். நான்காவது பிரிவு போதும். இப்போது இதற்கு ஒரு புதுத் தடையும் வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முன்பு தனிப்பட்ட தகவலானாலும் பொது நடவடிக்கையோடு தொடர்பிருந்தால் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிப்பட்ட தகவல் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். எம்-புக்கில் ஒப்பந்ததாரர் பெயர் இருக்கிறது, அளந்தவர் பெயர் இருக்கிறது. இது தனிப்பட்ட தகவல் என்று ஒரு பொதுத் தகவல் அலுவலர் எழுதிவிட்டால் மேல்முறையீடுதான். பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் கைவைக்கப்படாமல் இருக்கிறது. பொதுப்பணத்துக்கு அளவெடுத்துக் கையெழுத்திட்டவரின் பெயர் அவருடைய தனிப்பட்ட விஷயமா என்பதை இனி மாநிலத் தகவல் ஆணையத்தின் முன் வரும் மேல்முறையீடுகள் முடிவுசெய்யும்.